வாங்குவோர் அறமும் தோட்டப் பெண்ணின் கைத்திறனும்

கொடுத்தலை அறமெனப் போற்றிய தமிழ் மரபு, வாங்குதலை அறத்தோடு இணைத்துப் பேசியது குறைவு. ஈகைக்கு அதிகாரம் உண்டு; இரவுக்கும் இரவச்சத்துக்கும் அதிகாரங்கள் உண்டு. ஆனால், கடையொன்றினுட் புகுந்து ஒரு பொருளைக் கையில் எடுத்து, விலை கேட்டு, பணம் கொடுத்து வெளியேறும் ஒருவர் அச்செயலினால் அறவோராகவோ அறம் பிழைத்தோராகவோ ஆகக்கூடும் என்ற எண்ணம் பொதுவாக எவர்க்கும் எழுவதில்லை. விலை கொடுத்தாயிற்று, கடன் தீர்ந்தது என்பதே உலக வழக்கு. பண்டத்துக்குப் பின்னால் நிற்கும் கை யாருடையது, அக்கைக்கு எவ்வளவு சென்றடைந்தது என்ற வினாக்கள் வாங்குபவருக்குரியன அல்ல எனக் கருதப்பட்டு வந்துள்ளன. இவ்வினாக்களை வாங்குபவரின் மேசை மீதே கொண்டுவந்து வைத்தது, நியாய வாணிகம் என இன்று அறியப்படும் இயக்கமாகும்.

இவ்வியக்கத்தின் தொடக்கம் பெண்களின் கைவினையோடு பிணைந்தது. 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெனனைட் திருச்சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்பார் போட்டோ ரிக்கோ தீவிற் சில பெண்கள் செய்த தையல் வேலைப்பாடுகளைக் கண்டு, அவற்றைத் தம் ஊருக்குக் கொணர்ந்து, மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் வைத்து விற்றார். 1964இல் ஜெனீவாவிற் கூடிய வாணிப, அபிவிருத்தி மாநாட்டை ஒட்டி, உதவியன்று வாணிபமே வேண்டும் என்ற குரல் மூன்றாம் உலக நாடுகளிடமிருந்து வலுவாக எழுந்தது. 1969இல் நெதர்லாந்தின் பிரூக்லன் நகரில் இத்தகைய பொருள்களுக்கென ஒரு கடை திறக்கப்பட்டது. 1988இல் அதே நாட்டிற் கோப்பிக்கென மாக்ஸ் ஹவலார் என்னும் சான்று முத்திரை பிறந்தது. யாவாவின் குடியேற்ற ஆட்சியிற் கோப்பி விளைவித்த குடியானவர் பட்ட துயரை 1860இல் எழுதிக் காட்டிய டச்சு நாவலொன்றின் தலைவன் பெயரே அம்முத்திரைக்குச் சூட்டப்பட்டது. ஆக, கைவினைஞரிடம் நேரே வாங்கி விற்கும் கடை ஒரு கிளையாகவும், தோட்டப் பயிருக்குச் சான்று வழங்கும் முத்திரை மற்றொரு கிளையாகவும் இவ்வியக்கம் வளர்ந்துள்ளது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சபரகமுவத் தோட்டங்களைப் பற்றிச் சிந்திக்கும்போது பெரிதும் பயன்படும்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். யட்டியந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிட்ட, புளத்கொகுப்பிட்டிய என்னும் பகுதிகளில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை என்னும் பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் கலந்தும் பரந்துள்ளன. நுவரெலியா மாவட்டத்தைப் போல இங்கு தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழ்வதில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுத் திட்டுகள் போன்று லயங்கள் நிற்கின்றன. இப்பிரதேசத்துக் கைவினை எவை என்று கேட்டால், கேகாலைக்கு அண்மையிலுள்ள மொலகொடையின் மட்பாண்டங்களையும் இரத்தினபுரியின் மாணிக்கக்கல் வெட்டுத் தொழிலையும் எவரும் சொல்வர். தோட்டத்துப் பெண் எதனையேனும் செய்யும் கைவினைஞர் என்று எவரும் சொல்வதில்லை. அவளைச் சுட்டுவதற்கு வழங்கும் சொல் 'தொழிலாளி' என்பதே; பழைய பதிவுகளில் அதனினும் இழிந்த சொல்லே வழங்கிற்று.

இவ்விடத்திற் சற்று நின்று நோக்குவது தகும். இறப்பர் மரத்திற் பால் வெட்டும் பெண் விடியுமுன்னரே மலையேறுகின்றாள். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் வேளையிலேயே பால் நன்கு சுரக்கும் என்பதே இதற்குக் காரணம். பட்டையின் அரைச் சுற்றளவுக்கு, ஏறத்தாழ முப்பது பாகைச் சரிவில், முந்திய வெட்டின் விளிம்பிலிருந்து மெல்லியதொரு சீவலை அவள் எடுத்தல் வேண்டும். கத்தி ஆழம் போதாவிடிற் பால் வராது. சற்று மிகுந்து உள்ளேயிருக்கும் வளர்படையைத் தொட்டுவிடின் மரம் புண்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகக் கெட்டுப்போகும். இவ்விரு தவறுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவே. இதனை ஒரு மரத்தில் அன்று, ஏறத்தாழ முந்நூறு மரங்களில், சரிவான நிலத்தில், அட்டைக் கடிக்கிடையே, அரைவெளிச்சத்தில் அவள் செய்து முடிக்கின்றாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கொழுந்தைக் கசக்காமற் கிள்ளும் விரல்களின் வேகமும் இத்தகையதே. இவை கைத்திறன் அல்ல என்றால், கைத்திறன் என்னும் சொல்லுக்குப் பொருள்தான் யாது?

எனினும், நகரத்துக் கடையிற் கைவினைப் பகுதி என்று எழுதியிருக்கும் அடுக்கில் இறப்பர்ச் சீற்றுக்கு இடமில்லை. அதற்குக் காரணம் திறனின்மை அன்று. பொருள் அவளுடையதாக இல்லாமையே. மொலகொடைக் குயவரின் சட்டி, விற்கப்படும் கணம் வரை அவருடையது. அதன் வடிவை அவரே முடிவு செய்கின்றார்; விலை பேசும் உரிமையும் ஓரளவு அவருக்கு உண்டு. பால் வெட்டும் பெண்ணின் வாளியிலுள்ள பால், சிரட்டையில் விழும் கணத்திலேயே தோட்டத்தினுடையது. தொழிற்சாலைத் தொட்டியில் நூறு பேர் வெட்டிய பாலோடு கலந்து, அமிலமிட்டு உறைந்து, உருளையில் அழுந்திச் சீற்றாகி வெளிவரும்போது அவளுடைய ஒரு மில்லிமீற்றர்க் கணக்கு எங்கேயோ கரைந்துபோயிருக்கும். பண்டங்கள் தமக்குள் உறவு கொள்வன போலத் தோன்றி, அவற்றை ஆக்கிய மாந்தரின் உறவை மறைத்துவிடும் என்று 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலிற் கார்ல் மார்க்ஸ் சொன்ன கருத்துக்குக் கேகாலை இறப்பர்த் தோட்டத்தைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை.

தோட்டப் பெண்கள் ஒன்றுகூடித் தைத்தோ பின்னியோ நெய்தோ தம் பெயரால் விற்கும் ஒரு கூட்டுறவு ஏன் ஒழுக்கவியல் முக்கியத்துவம் உடையது என்பது இப்போது ஒருவாறு புலப்படும். அது சில நூறு ரூபா மேலதிக வருமானம் தருவதால் மட்டும் முக்கியமானதன்று. ஐந்தாறு தலைமுறையாகத் தாம் ஆக்கியது எதுவும் தமதாக இருந்திராத ஒரு சமூகத்திற் பெண்ணொருத்தி, 'இது நான் செய்தது. இதன் விலை இவ்வளவு' என்று முதன்முறை சொல்லும் வாய்ப்பை அது தருகின்றது.

அண்டை மாவட்டங்களிலும் அயல்நாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1960களில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சகோதரிகளின் வேண்டுகோளை ஏற்று, பெண் நெசவாளர்க்கு நிறமும் கோலமும் வகுத்துக் கொடுக்கத் தொடங்கிய பார்பரா சன்சோனியின் முயற்சியே பின்னர் 'பெயார்பூட்' என்ற பெயரில் உலகறிந்த கைத்தறி நிறுவனமாயிற்று. 1991இற் குருநாகல் வந்துராகலைக் கிராமத்திற் பதினைந்து பெண்களோடு தொடங்கிய 'செலின்' நிறுவனம் நியாய வாணிக நெறிகளை ஏற்று நடக்கும் கைத்தறி நிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆயின் இவை இரண்டும் கூட்டுறவுகள் அல்ல. நல்லெண்ணம் கொண்ட முதலாளர் நடத்தும் நிறுவனங்கள். 1959இற் பம்பாயின் கிர்காம் பகுதியில் எண்பது ரூபாக் கடனோடு ஏழு பெண்கள் தொடங்கிய 'லிஜ்ஜத்' அப்பள நிறுவனத்தில் உழைப்போர் அனைவரும் உடைமையாளர். 1972இல் அகமதாபாத்தில் இலா பட் நிறுவிய 'சேவா' இன்னும் ஒரு படி மேற்சென்றது. வேலை கொடுப்போர் இன்னார் எனச் சுட்ட இயலாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் எப்படி அமையும் என்று தொழில் திணைக்களம் தயங்கியபோது, சங்கம் ஒருவருக்கு எதிராக அமைய வேண்டியதில்லை, உழைப்போர் ஒன்றுபடுதற்காகவே அமையலாம் என்று வாதாடி அது பதிவு பெற்றது. தொழிற்சங்கமும் கூட்டுறவும் ஒரே கூரையின்கீழ் நிற்கமுடியும் என்று காட்டியமையே அதன் பேறு. சங்கம் என்றாற் சந்தாவும் வேலைநிறுத்தமும் மட்டுமே என்று பழகிப்போன மலையகம் இதனைப் போதிய அளவு கற்றதாகத் தெரியவில்லை.

இனி, வாங்குவோர் பக்கம் வருவோம். கொழும்பிலோ இலண்டனிலோ ஒருவர் இத்தகைய பையொன்றைச் சந்தை விலையினும் சிறிது கூடக் கொடுத்து வாங்குகின்றார். அவர் செய்வது ஈகையா, நீதியா? அவரைக் கேட்டால் ஈகை என்றே பெரும்பாலும் எண்ணுவார். வாங்கி வெளியேறும்போது அவர் உள்ளத்தில் எழும் இனிமை கொடுத்தவனின் இனிமையே. இங்குதான் திருக்குறளின் அதிகார வைப்பு ஒரு நுண்மையைக் காட்டுகின்றது. வாணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேண வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் ஈகை அதிகாரத்திலோ ஒப்புரவறிதலிலோ வைத்தாரல்லர். நடுவுநிலைமையின் இறுதிக் குறளாக வைத்தார். துலாக்கோலின் நேர்மையைப் பேசும் அதிகாரத்தில் வாணிகம் அமைந்திருத்தல் தற்செயல் எனக் கொள்ளற்பாலதன்று. புகார் வணிகரைப் பாடும் பட்டினப்பாலையும் அவர்களை வள்ளல்கள் என்று புகழவில்லை. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாதவர், கொடுக்கும்போது குறையாது கொடுப்பவர் என்றே புகழ்கின்றது. கொடையாகத் தருவதைத் தராமலும் விடலாம். அதற்குப் பெறுபவர் நன்றி கூறவேண்டும். நீதியாகத் தருவதைத் தராவிடின் அது களவு. அதற்கு நன்றி எதிர்பார்ப்பது முறையன்று. நியாய வாணிகம் என்ற பெயர் உண்மையாக வேண்டுமாயின், வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்த தொகை எனப்படுவது கூடுதலே அன்று. முன்னர்க் குறைத்துக் கொடுத்து வந்தது இப்போது நேர் செய்யப்படுகின்றது என்பதே பொருள்.

ஆனால் நேரான விலை எது? இவ்வினா எளிதன்று. நியாய வாணிக நிறுவனங்கள் பொதுவாக அவ்வவ்விடத்துக் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாகக் கொண்டு, அதற்குக் குறையாமலும் இயன்றாற் கூடவும் கொடுக்க முயல்கின்றன. பை ஒன்றைச் செய்யப் பன்னிரண்டு மணிநேரம் ஆகும் என்று கொள்வோம். 2021இற் சம்பளச் சபையின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்க்கு நாட்கூலி 1,000 ரூபா என விதிக்கப்பட்டது. எட்டு மணிநேர வேலைக்கு அது என்றால் மணிக்கு 125 ரூபா. பையின் உழைப்புக்கு 1,500 ரூபா. கணக்குச் சரியாகவே இருக்கின்றது. ஆயின் அந்த 1,000 ரூபா எத்தகையது? தொழிலாளர் பல்லாண்டு வீதியில் இறங்கிக் கேட்டு, கேட்ட தொகை கிடைத்தபோது அதன் பெறுமதி தேய்ந்திருந்தது. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்தது. 1,350 ரூபா என்ற அடுத்த உயர்வு வர 2024 செப்டெம்பர் ஆயிற்று. அநியாயமான கூலியை அளவுகோலாகக் கொண்டு நியாய விலையை அளப்பதாயின், அளக்கப்படும் பொருளில் அல்ல, கோலிலேயே வளைவு இருக்கின்றது. தோட்டக் கூலி தாழ்ந்திருக்கும் வரை, அதனோடு ஒப்பிட்டு நிர்ணயிக்கப்படும் கைவினை விலையும் தாழ்ந்தே இருக்கும். அப்போதும் வாங்குபவர் நியாயம் செய்தேன் என்ற திருப்தியோடு வீடு செல்வார்.

இச்சிக்கலை நேரே எதிர்கொண்டவர் காந்தி. 1925இல் நிறுவப்பட்ட அகில இந்திய நூற்போர் சங்கம் முதற் பத்தாண்டுகளிற் கதரை இயன்ற அளவு மலிவாக விற்பதிலேயே கருத்தூன்றியது. மலிவுக்கு விலை கொடுத்தவர் யார் என்று பார்த்தால், கிராமத்தில் இராட்டையோடு அமர்ந்திருந்த பெண்ணே. சந்தையில் என்ன கூலிக்குப் பெண்கள் நூற்க முன்வருகின்றனர் என்பதை அல்ல, உயிர் வாழ என்ன தேவை என்பதைக் கணக்கிட்டே கூலி அமைய வேண்டும் என்று 1935இற் காந்தி வற்புறுத்தினார். எட்டு மணிநேர நூற்புக்கு எட்டணா என்பது அவர் முன்வைத்த இலட்சியம். சங்கம் அதனினும் குறைந்த தொகையையே ஏற்க முடிந்தது. அதற்கே கதரின் விலை உயர்ந்து, விற்பனை வீழுமோ என்று ஊழியர் அஞ்சினர். திருப்பூரை மையமாகக் கொண்டு கதர் உற்பத்தி செழித்திருந்த தமிழ்நாட்டுக்கு இது வெறும் தத்துவ விவாதமாக இருந்திராது. நியாய விலைக்குரிய அளவுகோல் சந்தையினின்றும் அன்று, தேவையினின்றும் பெறப்பட வேண்டும் என்ற கொள்கையை, அம்முத்திரைகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓர் அமைப்பு நடைமுறைப்படுத்த முயன்றது என்பது மறக்கப்பட்டுவிட்டது.

விலையினும் கடினமானது நேரம். தோட்டப் பெண்ணின் நாளில் அந்தப் பன்னிரண்டு மணிநேரம் எங்கே இருக்கின்றது? விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடி, கொழுந்து நிறுத்து மாலையிற் திரும்பி, தண்ணீரும் விறகும் சுமந்து, சமைத்து, எல்லாரும் உண்டபின் உண்டு படுப்பவளுக்குக் 'கைவினை ஓய்வுநேரத் தொழில்' என்று எவரேனும் கூறின், ஓய்வுநேரம் என்பது எது என்று முதலில் அவள் கேட்கக்கூடும். உண்மையில் இக்கூட்டுறவுகளிற் சேர்வோர் தோட்ட வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், வேலை பதியப்படாத இளம் பெண்கள் ஆகியோராகவே பெரிதும் இருத்தல் இயல்பு. வேலைக்குப் போகும் பெண்ணின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட நேரத்தால் ஆன பை, எவ்வளவு கூடிய விலைக்கு விற்றாலும் நியாயமானதாகுமா என்பதற்கு எந்த முத்திரையும் விடை தரவில்லை.

ஈட்டிய பணம் யார் கைக்குச் செல்கின்றது என்பதும் உண்டு. இலங்கைப் பெருந்தோட்டப் பெண்கள் பற்றி ரேச்சல் குரியன் எழுதி 1982இற் சர்வதேசத் தொழில் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைச் சுட்டியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி என்பதே 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர்தான் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. கூலி சமமாகியது, கைகள் சமமாகவில்லை. இவ்வகையில், நியாய வாணிகத்தில் 'நியாயம்' என்ற சொல்லினும் 'கூட்டுறவு' என்ற சொல்லே கனமானது எனலாம். விலை எவ்வளவு உயர்ந்தாலும் அது வீட்டு வாசலில் வேறொருவர் கைக்கு மாறுமாயின், வாங்கியவரின் நற்செயல் அவளைச் சென்றடையவில்லை. கூட்டுறவு அவள் பெயரிற் கணக்குப் புத்தகம் திறக்கின்றது; கூட்டத்தில் அவள் கைக்கு ஒரு வாக்கு அளிக்கின்றது; இலாபத்தைப் பங்கிடுமுன் அவளைக் கேட்கின்றது. இதற்கு வேண்டிய அனுபவம் சபரகமுவ மண்ணிலேயே உண்டு. செயலற்றுக் கிடந்த சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்களை 1978 முதல் 'சணச' இயக்கமாகப் பி. ஏ. கிரிவந்தெனிய புத்துயிர்ப்பித்தது கேகாலை மாவட்டத்திலிருந்தே. அது பெரிதும் கிராமத்து இயக்கம். கிராமத்துக்கும் லயத்துக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதையின் தூரமே இருப்பினும், மொழியும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயலும் அப்பாதையை மிக நீண்டதாக்கியிருந்தன.

முற்போக்காளர் சிலர் இம்முயற்சி முழுவதையுமே மறுப்பர். கடைக்குச் சென்று நீதி செய்வதென்பது நடுத்தர வகுப்பினரின் மனச்சாட்சிக்கு இடும் தைலமே அன்றி வேறன்று. கூலியையும் நிலவுரிமையையும் சட்டமும் போராட்டமுமே மாற்றும் என்பது அவர் வாதம். இதற்கு வரலாறு தரும் விடை இரு பக்கமும் வெட்டுவது. 1791இல் வில்லியம் பொக்ஸ் வெளியிட்ட சிறு நூலின் தாக்கத்தால், அடிமைகள் விளைவித்த மேற்கிந்தியச் சீனியைப் பிரித்தானியக் குடும்பங்கள் பல கைவிட்டன. அவ்வாறு விட்டோர் மூன்று இலட்சம் பேர் எனத் தோமஸ் கிளாக்சன் மதிப்பிட்டார். சமையலறையை ஆண்ட பெண்களே அம்மறுப்பின் முதுகெலும்பு. சீனி மறுப்பால் அடிமைமுறை ஒழிந்துவிடவில்லை. 1833ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிந்தது. ஆயினும் அச்சட்டத்தை வேண்டிப் பாராளுமன்றத்துக்குப் பெருமனுவிற் கையெழுத்திட்ட பெண்கள், தேநீர் மேசையிலேயே அரசியலைக் கற்றவர்கள். வாங்காமை அவர்களுக்குப் போராட்டத்தின் மாற்றாக அன்றி, பயிற்சியாக அமைந்தது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபக்கம் மலையகத் தமிழர் மறக்கவொண்ணாதது. அடிமைமுறை ஒழிந்தபின் மேற்கிந்தியக் கோப்பி உற்பத்தி சரிய, அவ்விடத்தை நிரப்ப இலங்கை மலைகளிற் காடு வெட்டிக் கோப்பி நடப்பட்டது. அதற்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் கங்காணிகளின் கடன் சுமையோடு நடத்திக் கொணரப்பட்டனர். மாத்தளைப் பாதையில் மாண்டோர் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. அடிமையின் குருதி படாத சீனியும் கோப்பியும் வேண்டும் என்று விரும்பிய தூய மனச்சாட்சி, தன் கிண்ணத்தில் விழுந்த புதிய கோப்பியின் வரலாற்றைக் கேட்கவில்லை. அடிமை அல்ல என்பதே அதற்குப் போதுமாயிருந்தது. நியாய முத்திரையொன்றைக் கண்டு திருப்தியுறும் இன்றைய நுகர்வோர்க்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தேயிலைக்கு வழங்கப்படும் முத்திரையை நோக்கின் இது தெளிவாகும். நியாய வாணிகச் சான்று பெற்ற தோட்டத்தில், வாங்குவோர் செலுத்தும் மேலதிகத் தொகை தொழிலாளர் குழுவொன்றின் பொறுப்பிற் சேர்ந்து, படிப்புதவி, மருத்துவம், வீட்டுக் கூரை என்பன போன்றவற்றுக்குச் செலவாகின்றது. அது கூலியோடு சேர்வதில்லை. டார்ஜிலிங் தோட்டங்களை ஆராய்ந்த சேரா பெஸ்கி, சட்டப்படி தோட்டமே செய்ய வேண்டிய கடமைகளுக்கும் இத்தொகையால் நடப்பவற்றுக்கும் உள்ள எல்லை மங்குவதை 2014இல் எழுதிக் காட்டினார். அதே ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கீழைத்தேய ஆபிரிக்க ஆய்வுப் பள்ளியினர் எதியோப்பியாவிலும் உகண்டாவிலும் செய்த ஆய்வு, சான்று பெற்ற பகுதிகளிற் கூலிக்கு உழைப்போர் ஏனையோரினும் நல்ல கூலி பெறவில்லை என்று கண்டது. முத்திரை, சிறு விளைவிப்பாளனை மனத்திற் கொண்டு பிறந்தது; கூலியாளை அல்ல. தன் பொருளைத் தானே விற்பவனுக்குத்தான் உயர்ந்த விலை பயன்படும். விற்பதற்குத் தன் நாளைத் தவிர வேறெதுவும் இல்லாதவளுக்கு, கொழுந்தின் விலை உயர்வதும் தாழ்வதும் வானிலைச் செய்தி போன்றதே. கைவினைக் கூட்டுறவு முத்திரைத் தேயிலையினும் அளவிற் மிகச் சிறிதாயினும் அறநிலையில் மேலானது என்று கூறுவதற்கு இதுவே காரணம்: அது அவளைக் கூலியாள் நிலையிலிருந்து சிறிது நேரத்துக்கேனும் விற்பவள் நிலைக்கு நகர்த்துகின்றது.

அவ்வாறு நகர்ந்தவளை மீண்டும் பண்டமாக்கும் ஆபத்தும் கடையிலேயே காத்திருக்கின்றது. இத்தகைய பொருள்களிற் தொங்கும் சிறு அட்டையில் அதனைச் செய்த பெண்ணின் படமும் அவளுடைய துயரக் கதையும் அச்சிடப்படுவதுண்டு. கணவன் குடிகாரன், பிள்ளைகள் மூவர், லயத்து அறையில் வாழ்கின்றாள் என்றவாறு அக்கதை செல்லும். முகமற்ற பண்டத்துக்கு முகம் தருவது நல்லதே என்று இதனை ஆதரிப்போர் கூறுவர். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் குயவரின் சட்டியை வாங்குபவர் குயவரின் குடும்பக் கதையைக் கேட்பதில்லை. சட்டி ஓட்டையில்லாததா என்று தட்டிப் பார்க்கின்றார். அந்தத் தட்டிப் பார்த்தலில் ஒரு மரியாதை இருக்கின்றது. மனிதரை வெறும் கருவியாக அன்றி நோக்கமாகவும் கொள்ளவேண்டும் என்ற இம்மானுவேல் கான்றின் விதியை இங்கு பொருத்தினால், இரங்கத்தக்க முகமாக ஒருத்தியை விற்பது, கூலியாளாக அவளை நடத்துவதினும் பெரிதும் உயர்ந்ததன்று. அட்டையில் அச்சிட வேண்டுவது அவள் கண்ணீரை அன்று, கணக்கை: துணிக்கு இவ்வளவு, உழைப்புக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு, கடைக்காரருக்கு இவ்வளவு. அதனை வாசிக்கும் ஒருவர், உழைப்புக்கு எதிரேயுள்ள எண்ணுக்கும் கடைக்காரருக்கு எதிரேயுள்ள எண்ணுக்கும் இடையில் ஒரு கணமேனும் நின்றுவிடுவார். பொருள் நன்றாயிராவிட்டால் வாங்காது விடும் உரிமையும் அவருக்கு உண்டு. பழுதான தையலை இரக்கத்தால் வாங்குவது அத்தையற்காரியைத் தேர்ந்தவளாக வளரவிடாது தடுப்பதாகும்.

இவ்வளவும் வாங்குபவரை நோக்கியவை. செய்பவளின் பக்கத்தில் எஞ்சி நிற்கும் தடை ஒன்று, எந்தக் கடையிலும் தீராதது. பழைய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. கைத்தறி ஒன்றை நிறுத்தினால் அதிற் பெரும்பகுதி போய்விடும்; ஆறு பேர் படுக்கும் இடம் அதுவே. பொதுவான கொட்டில் ஒன்று அமைப்பதாயின் நிலம் வேண்டும். நிலமோ அரசினது, 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 முதற் பிராந்தியக் கம்பனிகளின் குத்தகைக்கு மாறியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் சேவைகள் செல்வதைக் கட்டுப்படுத்தியிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. வீட்டுக்கென ஏழு பேர்ச் காணியும் உறுதியும் பெற்றோர் சிலரே. தையற் பொறிக்கு மேசையும், அம்மேசைக்குக் கூரையும், அக்கூரைக்குக் காணியும், காணிக்கு உறுதியும் தேவை. உறுதிக்கு விண்ணப்பிக்கும் பத்திரத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் லயத்தின் இலக்கத்தையும் தோட்டத்தின் பெயரையும் அவள் எழுதுகின்றாள்.